கூட்டினால் போதுமா எதிர்ப்புச் சக்தி?

கொரோனா பரவிய 2020-இல் தமிழகமெங்கும் கபசுரக் குடிநீர் வழங்கினார்கள். இன்று நாகர்கோவிலின் கோட்டாறு கடைத்தெருவானாலும் சென்னை மருந்துக்கடையானாலும், சத்துமாவு, லேகியம், மாத்திரை என்று எதை எடுத்தாலும் ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற வாசகம் கண்ணில் படுகிறது. அது கூடக்கூட நல்லது என்றே நம்பிவிட்டோம். ஆனால் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கியதால் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் ஊசியோடு வாழும் குழந்தைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நம்பிக்கை ஆபத்தானது.

நெஞ்செலும்புக்குப் பின்னால்

இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் சுரப்பியைப் பயனற்ற உறுப்பு என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை அகற்றினால் அவை தொற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவதை 1961-இல் ஆய்வாளர் ஜாக் மில்லர் காட்டினார். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள், எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான டி செல்களாக முதிர்வது இங்கேதான். நம் சொந்தப் புரதங்களின் சிறு துணுக்குகளை, அதாவது பெப்டைடுகளை, தைமஸ் அவற்றுக்குக் காட்டுகிறது. துணுக்கை லேசாகப் பற்றும் செல் பிழைக்கும். பற்றவே தெரியாதது மடியும். இறுகப் பற்றுவது நாளை உடலையே தாக்கக்கூடும் என்பதால் பெரும்பாலும் அழிக்கப்படும். அவற்றில் சில மட்டும் மற்ற செல்களை அடக்கிவைக்கும் காவல் செல்களாகின்றன. நூற்றுக்கு ஐந்து செல்கூட வெளியே வருவதில்லை. பலத்தைவிட அடக்கத்துக்கு உடல் எவ்வளவு விலை கொடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கணையத்தில் சுரக்கும் இன்சுலின் தைமஸுக்கு எப்படித் தெரியும்? தைமஸின் சில செல்களே அதைச் சிறிதளவு தயாரித்துக் காட்டுகின்றன. இப்படிப் பல உறுப்புகளின் புரதங்களை அங்கே உருவாகச் செய்வது 1997-இல் கண்டறியப்பட்ட ஏர் என்னும் மரபணு. அது பழுதானால் ஒரே குழந்தையின் பல சுரப்பிகள் தாக்கப்படுகின்றன. பரம்பரை அமைப்பால் தைமஸில் இன்சுலின் குறைவாக உருவாகிறவர்களுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். மிட்டாய் தின்றதால் வந்தது என்று பிள்ளையையோ தாயையோ பழிப்பது அநியாயம்.

இரண்டு கேள்விகள்

தேர்வு இவ்வளவு கடுமையென்றால் நோய் ஏன் வருகிறது? உடலைத் தாக்கக்கூடிய சில செல்கள் எப்போதும் தப்பிவிடும். நம் எல்லோர் உடலிலும் அவை உண்டு. அவற்றை அடக்கும் காவல் செல்களைப் பற்றிய ஆய்வுக்குத்தான் விஞ்ஞானிகள் சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காவலும் தளரும்போது நோய் வருகிறது.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். சத்துக்குறைவு குழந்தையின் தைமஸையே சுருக்கிவிடும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முட்டை, மீன், பயறு அவசியம். அது குறையை நிரப்பும். தடுப்பூசியோ குறிப்பிட்ட கிருமியை அறியும் செல்களை மட்டும் பெருக்குகிறது. பொத்தாம்பொதுவாகக் கூட்டும் வேலையை இரண்டுமே செய்வதில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, சாப்பிட்டும் மெலிவது: இவற்றைக் கண்டால் அன்றே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். வாந்தியோ மூச்சு வாங்கலோ சேர்ந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி உண்டு. நாட்டு வைத்தியத்தின் மீது இங்கே மதிப்பும் உண்டு. எந்த வைத்தியத்தை நாடினாலும் முதல் வகை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலினை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. வேறு மருந்தோ லேகியமோ கொடுப்பதானால் முதலில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.