வயதுக்கு ஒரு தள்ளுபடி: கொச்சி ஏலமும் பாவனைக் கூடைப்பந்தும்

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகு வணிகத்தில் ஒரு சரக்கின் தரத்தை மணியின் பருமனும் கருமையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு லிட்டர் கொள்ளும் கலத்தில் மிளகை நிரப்பி, அது எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்க்கும் லிட்டர் எடையையும் சேர்த்தே விலை பேசப்படுகிறது, ஏனெனில் உள்ளீடற்ற மணி பார்வைக்கு முழுமையாகத் தெரிந்தாலும் தராசில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த அளவு இல்லாத சந்தையில் பருமனான பதர் கூடுதல் விலைக்கும், சிறுத்துக் கனத்த மணி குறைந்த விலைக்கும் போகும். விளையாட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கும் சந்தைகளில் பெரும்பாலும் நடப்பது இதுவே.

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் வரும் போல்காட்டித் தீவில், கிராண்ட் ஹயாத் விடுதியில், 2022 டிசம்பர் 23 அன்று ஐபிஎல் கிரிக்கெட்டின் குறு ஏலம் நடந்தது. 405 பேர் கொண்ட பட்டியலிலிருந்து 80 பேரைப் பத்து அணிகளும் சேர்ந்து 167 கோடி ரூபாய்க்கு வாங்கின. அங்கு பேசப்பட்ட விலைகளில் எவை மிகை, எவை குறை என்பதை ஆராய, பணமும் புகழும் கலக்காத ஒரு மாதிரி முதலில் தேவைப்படுகிறது. கணினியில் நடத்தப்படும் பாவனைக் கூடைப்பந்து லீக் அத்தகைய மாதிரி.

பாவனை லீக் என்பது உண்மையான ஆட்டங்களின் முடிவை நம்பியிராத, கற்பனை ஆட்டக்காரர்களைக் கொண்டு நிரலே ஆட்டத்தை நடத்தி முடிவு சொல்லும் ஏற்பாடு. நிஜ ஆட்டக்காரர்களின் அன்றாடப் புள்ளிகளைக் கூட்டிப் பரிசு தரும் ஃபேன்டசி விளையாட்டு வேறு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடைசெய்தபோது, ட்ரீம்11 போன்ற நிறுவனங்கள் கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டன. பாவனை லீக்கில் பந்தயப் பணத்துக்கு இடமில்லை. 2007 முதல் நடந்துவரும் பஸ்ஸர்பீட்டர், 2013இல் வெளியான பேஸ்கட்பால் ஜிஎம் ஆகியவற்றில் ஆடுபவர் மேலாளராகச் செயல்பட்டு, ஆட்டக்காரர்களைச் சேர்த்து அணியைக் கட்டுகிறார். இவற்றுள் பேஸ்கட்பால் ஜிஎம் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பதால், ஆட்டக்காரரின் விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது, ஆட்டத்தின் வெற்றி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கே எழுதப்பட்ட விடை உண்டு. அந்த இரண்டு கணக்கும் எந்த இடத்தில் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகுகின்றனவோ அந்த இடத்தில்தான் குறைமதிப்பு பிறக்கிறது. தேடுபவர் ஆட்டக்காரரைத் தேடுவதற்கு முன் அந்த விலகலைத் தேடவேண்டும்.

விலகல் மிக எளிதாகத் தெரியும் இடம் புள்ளிக்கணக்கு. ஒருவர் ஓர் ஆட்டத்தில் 20 முறை கூடையை நோக்கி எறிந்து 20 புள்ளி எடுக்கிறார் என்றும், இன்னொருவர் 10 முறை எறிந்து 14 புள்ளி எடுக்கிறார் என்றும் வைத்துக்கொண்டால், சம்பளப் பேச்சில் முதலாமவரே முந்துவார். ஆனால் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் எறிதல்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. அணியின் மற்றவர்கள் ஓர் எறிதலுக்குச் சராசரியாக 1.1 புள்ளி எடுப்பவர்களானால், இரண்டாமவர் விட்டுவைத்த 10 எறிதல்களில் 11 புள்ளி வந்துவிடும், ஆக அதே 20 எறிதல்களில் அவருடைய அணி 25 புள்ளி பெறும். இரண்டாமவரை 20 முறை எறியவைத்தால் அவருடைய துல்லியமும் குறையக்கூடும் என்பதால் இந்தக் கணக்கை எல்லையின்றி நீட்ட முடியாது, ஆயினும் திசை தெளிவாகவே இருக்கிறது. டீன் ஆலிவர் 2004இல் வெளியிட்ட கூடைப்பந்துப் புள்ளியியல் நூலில், வெற்றியை நான்கு காரணிகளாகப் பிரித்து, எறிதலின் பயன்திறனுக்கு 40 சதவீதமும், பந்தை எதிரணியிடம் இழக்காமைக்கு 25 சதவீதமும், தவறிய பந்தைத் தாக்கும் அணியே மீட்டெடுப்பதற்கு 20 சதவீதமும், தடையற்ற எறிதல்களுக்கு 15 சதவீதமும் எடை கொடுத்தார். இவற்றில் மொத்தப் புள்ளி என்ற ஒன்றே கிடையாது என்பதும், செய்தித்தாளின் தலைப்பில் இடம்பெறுவது பெரும்பாலும் அந்த ஒன்றுதான் என்பதும் சேர்த்துப் பார்க்கத்தக்கவை.

இன்னொரு விலகல், கேட்டவுடன் முரணாகத் தோன்றும். கூடைப்பந்தில் ஒரே நேரத்தில் ஐவர்தான் களத்தில் நிற்கின்றனர் என்பதால், தலைசிறந்த ஒருவரின் பங்கு கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ இருப்பதைவிடப் பெரியது. பேஸ்கட்பால் ஜிஎம் நிரலிலும் அணியின் வலிமை பத்துப் பேரை வரிசைப்படுத்திக் கணக்கிடப்படும்போது முதலாமவருக்கு மிகுந்த எடையும் அடுத்தடுத்தவர்களுக்கு விரைவாகக் குறையும் எடையும் தரப்படுகின்றன. அமெரிக்காவின் என்பிஏ லீக்கிலோ ஒருவரின் உச்சச் சம்பளத்துக்கு விதியே வரம்பு கட்டுகிறது. ஆடிய ஆண்டுகளைப் பொறுத்து, ஒப்பந்தத்தின் முதலாண்டில் அது அணியின் சம்பள வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே பொதுவிதி. எனவே மிக அதிகச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரே உண்மையில் மிகக் குறைவாக மதிப்பிடப்பட்டவராக இருக்கும் நிலை உருவாகிறது. குறைமதிப்பு என்றவுடன் மலிவான பெயர்களை மட்டுமே தேடுபவர்கள் இதைத் தவறவிடுகின்றனர். தேடவேண்டியது உபரி, அதாவது ஒருவர் ஈட்டித்தரும் வெற்றியின் மதிப்புக்கும் அவருக்குத் தரப்படும் விலைக்கும் இடையிலான வித்தியாசம்.

மலிவு என்பதாலேயே உபரி வந்துவிடாது என்பதற்கு என்பிஏ வரலாற்றில் இரு சான்றுகள் அருகருகே நிற்கின்றன. ஓட்டத்திலும் குதிப்பிலும் சிறப்பாகத் தோன்றாத செர்பியர் நிகோலா யோகிச், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில் 2014ஆம் ஆண்டு 41ஆவது இடத்தில்தான் எடுக்கப்பட்டார். பந்தைக் கடத்தும் அவருடைய திறனுக்கு உடற்தகுதிச் சோதனைகளில் அளவுகோல் இல்லை, பின்னர் அவர் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் மிகமதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டே 52ஆவது இடத்தில் டல்லாஸ் அணி எடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங், ஏழடி இரண்டங்குல உயரத்துடன் இந்தியாவில் பிறந்து அந்தத் தேர்வில் இடம்பெற்ற முதல்வர் என்ற பெருமை பெற்றும், என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை.

பாவனை லீக்குகளில் பழகியவர்கள் அதிகம் பயன்படுத்தும் விலகல் வயது. நிரலில் ஆட்டக்காரரின் திறன் ஏறத்தாழ 25 முதல் 30 வயதுவரை உச்சத்தில் இருந்து பிறகு படிப்படியாகச் சரிகிறது. எதிர்காலத்தைக் கருதி அணியைப் புதிதாகக் கட்டும் கணினி அணிகள், முப்பதைத் தாண்டியவர்களை இன்றைய திறனுக்குப் பொருந்தாத அளவுக்கு மலிவாகக் கைவிடுகின்றன. இந்தப் பருவத்திலேயே கோப்பையை வெல்ல நினைக்கும் மேலாளருக்கோ ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அந்த ஆட்டக்காரர் என்ன ஆவார் என்பது கவலையே அல்ல. ஒரே ஆட்டக்காரருக்கு இரு அணிகளிடம் இரு மதிப்புகள் இருப்பது நியாயம்தான். சந்தை விலை அவற்றுள் ஒன்றை மட்டும் பேசும்போது மற்ற அணிக்கு ஆதாயம் கிடைக்கிறது.

கொச்சி ஏலத்தின் பட்டியலை இந்தக் கண்ணோடு படித்தால், கூடைப்பந்து நிரலில் கண்டது கிரிக்கெட்டிலும் தென்படுகிறது. ஏலம் தொடங்கிய முதல் தொகுப்பிலேயே இங்கிலாந்தின் இளம் மட்டையாளர் ஹாரி புரூக்கை, 42.25 கோடியுடன் அரங்குக்கு வந்திருந்த ஹைதராபாத் அணி 13.25 கோடிக்கு எடுத்தது. அதே தொகுப்பில் அஜிங்க்ய ரஹானேவை, ஆட்டக்காரர் தாமே குறிப்பிடும் தொடக்க விலையான அடிப்படை விலையிலேயே, 50 லட்சத்துக்குச் சென்னை அணி எடுத்தபோது வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. பிற்பாடு சாம் கரனுக்குப் பஞ்சாப் 18.5 கோடி கொடுத்து அன்றைய சாதனையை ஏற்படுத்தியது, கேமரன் கிரீனை மும்பை 17.5 கோடிக்கும் பென் ஸ்டோக்ஸைச் சென்னை 16.25 கோடிக்கும் வாங்கின. ரஹானேவுக்குக் கிடைத்த அதே 50 லட்சத்துக்கு மோஹித் சர்மா குஜராத்துக்கும், பியூஷ் சாவ்லா மும்பைக்கும், இஷாந்த் சர்மா டெல்லிக்கும் போயினர். இந்த நால்வரும் 1988இல் பிறந்தவர்கள்.

நால்வருக்கும் சேர்ந்து செலவான தொகை 2 கோடி, அதாவது ஸ்டோக்ஸ் ஒருவருக்குத் தரப்பட்டதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. 2023 பருவத்தில் மோஹித் 27 விக்கெட்டுகளும், சாவ்லா 22 விக்கெட்டுகளும் வீழ்த்தினர். இஷாந்த் 8 ஆட்டங்களில் 10 விக்கெட் எடுத்தார். ரஹானே 326 ரன்களை, நூறு பந்துக்கு எத்தனை ரன் என்று கணக்கிடும் ஸ்ட்ரைக் ரேட் 172ஐத் தாண்டும் வேகத்தில் அடித்து, கோப்பையை வென்ற சென்னை அணியின் நடுவரிசையைத் தாங்கினார். ஸ்டோக்ஸ் காயத்தால் இரண்டு ஆட்டங்களில் மட்டும் ஆடி 15 ரன் எடுத்தார், புரூக் ஒரு சதம் உட்பட 190 ரன்களோடு நின்றார், கரன் 276 ரன்களும் 10 விக்கெட்டுகளும் சேர்த்தார். அன்று வாங்கப்பட்டவர்களின் ஒப்பந்தங்கள் 2024 இறுதியில் வரவிருந்த பெரிய ஏலத்தோடு கலையவிருந்தன என்பதால், வாங்கிய அணிகளுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியவை அதிகபட்சம் இரண்டு பருவங்களே. இரண்டு பருவங்களுக்கு வாங்கும் ஒருவரின் விலையிலிருந்து பத்தாண்டு எதிர்காலம் இல்லை என்பதற்காகக் கழிவு செய்வது, பாவனை லீக்கின் கணினி அணிகள் செய்யும் பிழையின் மறுபதிப்பு.

மிகை விலைக்கு வேறொரு விளக்கமும் உண்டு. மெக்சிகோ வளைகுடா எண்ணெய் வயல்களுக்கான ஏலங்களை ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்பல் என்ற மூன்று பொறியாளர்கள் 1971இல், ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் பொருளின் மதிப்பை மற்றெல்லாரையும்விட அதிகமாகக் கணித்தவராக இருப்பதால், வெற்றியே நட்டத்துக்கு அடையாளமாகிவிடுகிறது என்று காட்டினர். பொருளியலில் இது வென்றவரின் சாபம் எனப்படுகிறது. பத்து அணிகளின் கணிப்புகள் சராசரியில் சரியாகவே இருந்தாலும் பொருள் போய்ச்சேர்வது சராசரிக் கணிப்பாளரிடம் அல்ல. கை தூக்க ஒருவர் மட்டுமே இருந்த ரஹானே விஷயத்தில் இந்தச் சாபத்துக்கு இடமே இல்லாமல் போனது. கொச்சித் துறைமுகத்தின் வில்லிங்டன் தீவில் 1947 முதல் நடக்கும் தேயிலை ஏலத்தில் சரக்கின் மாதிரியை முன்கூட்டியே சுவைத்துப் பார்க்க முடிகிறது. ஆட்டக்காரரின் அடுத்த பருவத்துக்கு அப்படியொரு மாதிரிக் கோப்பை கிடையாது என்பதால் கணிப்புகளின் சிதறல் இங்கே பெரிது.

பின்னோக்கிப் பார்த்து எழுதும் எவரும் ஒப்புக்கொள்ளவேண்டிய எதிர்வாதங்களும் உள்ளன. அதே ஏலத்தில் 17.5 கோடி பெற்ற கிரீன் ஒரு சதத்தோடு 452 ரன் எடுத்தார், 5.25 கோடிக்குப் போன ஹென்ரிக் கிளாசன் 448 ரன் அடித்து, நடுத்தர விலையில்தான் பெரிய உபரி ஒளிந்திருக்கிறது என்று வாதாட இடம்கொடுத்தார். அடிப்படை விலைக்கு வாங்கப்பட்ட பலருக்கு ஆடும் வாய்ப்பே கிடைக்கவில்லை, அவர்களுடைய பெயர்கள் இத்தகைய கட்டுரைகளில் வருவதுமில்லை. முந்தைய பருவத்தில் கொல்கத்தாவுக்காகச் சோபிக்காத ரஹானே அடுத்த ஆண்டு வேகமாக ஆடுவார் என்பதைச் சென்னை அணி துல்லியமாகக் கண்டறிந்தது என்று சொல்வதைவிட, தவறினால் 50 லட்சம்தான் போகும், பலித்தால் ஒரு நடுவரிசை கிடைக்கும் என்ற சமனற்ற பந்தயத்தில் இறங்கியது என்று சொல்வதே பொருத்தம். பாவனை லீக்கில் நூறு பருவங்களை ஒரே மாலையில் ஓட்டி ஒரு கருதுகோளைச் சோதிக்கலாம். ஐபிஎல்லுக்கு ஆண்டுக்கு ஒரு பருவம்தான்.

ஒரு விலகல் எல்லார் கண்ணிலும் பட்டபின் அது மறைந்துவிடவேண்டும் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு, குறைமதிப்பு ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்த பேஸ்பால் அணியைப் பற்றி 2003இல் வெளிவந்த மணிபால் நூலுக்குப் பின் அந்த விளையாட்டில் அது நடந்தும் இருக்கிறது. வயதின் தள்ளுபடி மட்டும் அவ்வளவு எளிதில் கரையவில்லை. 2024 நவம்பரில் ஜித்தாவில் நடந்த பெரிய ஏலத்தில் சாவ்லாவை யாரும் வாங்கவில்லை. ரஹானேவும் முதல் சுற்றில் விலைபோகாமல், பிறகு அடிப்படை விலையான 1.5 கோடிக்குக் கொல்கத்தா அணியில் சேர்ந்து தலைவரானார். அதே கொல்கத்தா வெங்கடேஷ் ஐயருக்கு 23.75 கோடி கொடுத்தது. 2025 பருவத்தில் ஐயர் 142 ரன் எடுத்தார், அணியிலேயே அதிகமாக ரஹானே 390.