விதைக்கும்போது தெரியாத விலை

கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியின் தொடக்கம் 1854. தஞ்சாவூர் சரபோஜி கல்லூரியும் (1955), பூண்டி புஷ்பம் கல்லூரியும் (1956) வர அதன்பின் நூறாண்டு ஆனது. அன்று காவிரி டெல்டா மாணவர் பஸ் போகும் தூரத்தில் எந்தப் பாடத்தில் இடம் கிடைத்ததோ அதில் சேர்ந்தார். வரலாறோ விலங்கியலோ, டிகிரி இருந்தால் போதும்; பி.எட். முடித்து வாத்தியாராகலாம், சர்வீஸ் கமிஷனோ பேங்க் பரீட்சையோ எழுதலாம். வேலை தாமதமானால் நிலமுள்ள வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன வீடுகளுக்கோ கல்லூரியே எட்டாத தூரம்.

1984-இல் தஞ்சாவூர் அருகே திருமலைசமுத்திரத்தில் இன்றைய சாஸ்த்ரா பல்கலைக்கழகம், சண்முகா பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. 1997-இல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. குடும்பமே சென்னைக்குப் பஸ் ஏறியது. இன்று வீட்டிலிருந்தே ஆன்லைனில் விருப்பப் பட்டியல் நிரப்புகிறோம். கேள்வி மட்டும் ஒன்றுதான்: இப்போது எதற்கு டிமாண்ட்?

ஒரு காலத்தில் இ.சி.இ., பிறகு மெக்கானிக்கல், இன்று ஏ.ஐ., டேட்டா சயின்ஸ். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) நீக்கியதால், கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடங்களைப் பெருக்கவும் வழி திறந்தது. ஆனால் 2001 டாட்காம் சரிவிலும் 2008 நிதி நெருக்கடியிலும் மென்பொருள் நிறுவனங்கள் ஆளெடுப்பைக் குறைத்தன. அந்த ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் சேரும்போது நிலைமை நன்றாகத்தான் இருந்தது. போன வருஷ விலையைப் பார்த்து ஊரே உளுந்து போட்டால் என்னாகும் என்று நம் விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. உளுந்தாவது மூன்று மாதத்தில் கைக்கு வரும். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு.

நம் பக்கத்திலேயே வழிகள் இருக்கின்றன. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரியும் உள்ளன. 2024 செப்டம்பரில் மேலவஸ்தாசாவடியில் மினி டைடல் பூங்காவும் திறந்தாயிற்று. கணிதமும் அறிவியலும் அழுத்தமாகக் கற்றவர் வயல் பக்கமும் போகலாம், கம்ப்யூட்டர் பக்கமும் திரும்பலாம். பிரிவின் பெயரை மட்டும் நம்பிச் சேர்ந்தவருக்கு அந்த வசதி இல்லை.

பெற்றோரே, பட்டியலை நிரப்பும் முன் பிள்ளையிடம் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேளுங்கள். அந்தக் கல்லூரியில் இரண்டு வருஷம் முன்பு முடித்தவர்களிடம் ஆசிரியர்களையும் ஆய்வகத்தையும் பற்றி விசாரியுங்கள். பிளேஸ்மென்ட் விளம்பரத்தை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.