ஹைட்ராக்சிஅபடைட் – கிராஃபீன் கூட்டுப்பொருள்: உருவாக்கமும் சிக்கல்களும்

ஹைட்ராக்சிஅபடைட் என்பது மனித எலும்பின் கனிமப் பகுதியை ஒத்த கால்சியம் பாஸ்பேட் பீங்கானாகும். எலும்புத் திசுவோடு நேரடியாகப் பிணையும் இயல்புடையதெனினும், இது எளிதில் நொறுங்கக்கூடியது. எனவே, உடல் எடையைத் தாங்கும் தொடை எலும்பு போன்ற இடங்களில் இதனைத் தனித்துப் பயன்படுத்த இயலுவதில்லை. விரிசல் பரவுவதைத் தடுக்கும் பொருட்டே, ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளாகிய கிராஃபீன் இதனுடன் சேர்க்கப்படுகிறது.

கிராஃபீன் தாள்கள் நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் தன்மையன. ஆகவே, நீரில் நன்கு பரவும் கிராஃபீன் ஆக்சைடே பெரிதும் கையாளப்படுகிறது. அதன் கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின்சுமை பெற்றுக் கால்சியம் அயனிகளை ஈர்க்கின்றன. இக்கலவையில் முதலில் கால்சியம் நைட்ரேட்டைச் சேர்த்து, அம்மோனியாவால் காரத்தன்மையை நிலைநிறுத்தி, டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டைத் துளித்துளியாக விட்டால், படிகங்கள் தாள்களின் மேலேயே வளரும். கால்சியம், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதம் 1.67 ஆக அமைதல் வேண்டும்.

பெற்ற தூளைச் சூடேற்றி இறுகச் செய்வதே கடினமான கட்டம். இதற்குப் பொதுவாக 1000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலை தேவை. கிராஃபீனோ காற்றில் அதற்கு வெகு முன்பே எரிந்து வாயுவாக வெளியேறிவிடும். எஞ்சுவது துளைகள் மலிந்த வெறும் பீங்கான். ஆதலால் வெற்றிடத்திலோ ஆர்கான் சூழலிலோ, அழுத்தத்துடன் துடிப்பு மின்னோட்டத்தைச் செலுத்திச் சில நிமிடங்களில் இறுக்கும் முறை விரும்பப்படுகிறது. கிராஃபீனின் அளவை மிகுதியாகக் கூட்டுவதும் பயன் தராது. திரண்ட தாள்களே புதிய விரிசலுக்கு இடமாகிவிடும்.

உடல்திரவத்தை ஒத்த கரைசலில் அபடைட் படலம் தோன்றுவதைக் கொண்டே உயிரிணக்கத்தை முடிவுசெய்யும் போக்கு ஏற்புடையதன்று. தேய்மானத்தால் வெளிப்படும் கிராஃபீன் துகள்கள் உயிரணுக்களை எவ்வாறு பாதிக்கும் என்னும் வினாவிற்கு அச்சோதனையில் விடையில்லை.