தடை ஆட்டக்காரருக்கு, தவிப்பு யாருக்கு?

2013 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மணி நள்ளிரவைத் தாண்டியிருந்தது. மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் போகவேண்டும் என்ற நினைப்பையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு, சாப்பாட்டுக் கடைகளின் பெரிய திரைக்கு முன்னால் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்த லிவர்பூல் ரசிகர்கள் 97-வது நிமிடத்தில் ஆர்ப்பரித்து எழுந்தார்கள். லூயிஸ் சுவாரெஸ் தலையால் முட்டிய பந்து செல்சியின் வலைக்குள் விழுந்தது. ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது.

ஆனால் மறுநாள் அந்தக் கோலைப் பற்றிப் பேச ஆளில்லை. அதற்கு அரை மணி நேரம் முன்பு அதே சுவாரெஸ், செல்சியின் தற்காப்பு ஆட்டக்காரர் பிரனிஸ்லாவ் இவானோவிச்சின் கையைக் கடித்திருந்தார். நடுவர் அதைக் கவனிக்கவில்லை. தொலைக்காட்சிக் கேமராக்கள் கவனித்துவிட்டன. மூன்று நாளில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அவருக்கு 10 ஆட்டங்களில் விளையாடத் தடை விதித்தது.

அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். காலை உடைக்கும்படி உதைத்தவனுக்கே மூன்று ஆட்டம்தானே, கடித்தவனுக்கு எப்படிப் பத்து என்று ஒரு தரப்பு கேட்டது. இந்த மனிதரை இன்னும் குழுவில் வைத்திருப்பது கேவலம், விற்றுத் தொலைக்கவேண்டும் என்றது மறுதரப்பு. இரு தரப்பும் லிவர்பூல் சட்டை போட்டவர்கள்தான் என்பதே இதில் வேடிக்கை.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் முரட்டு நடத்தைக்குச் சிவப்பு அட்டை பெற்றால் மூன்று ஆட்டத் தடை தானாகவே வந்துவிடும். இரண்டு மஞ்சள் அட்டை சேர்ந்து சிவப்பானால் ஓர் ஆட்டம். இவை நிர்ணயிக்கப்பட்ட தண்டனைகள். இவற்றில் விவாதத்துக்கு இடம் குறைவு. நடுவர் பார்க்காத குற்றம் பின்னர் படக்காட்சியில் தெரியவந்தால் சங்கமே குற்றஞ்சாட்டலாம். மூன்று ஆட்டம் போதாது என்று தோன்றினால் கூடுதலாகவும் கேட்கலாம். சுவாரெஸ் கடித்ததை ஒப்புக்கொண்டார். மூன்று ஆட்டம் போதும் என்று மட்டும் வாதிட்டார். விசாரணைக்குழு அதை ஏற்காமல் மேலும் ஏழு ஆட்டங்களைச் சேர்த்தது.

இங்கேதான் ரசிகர்கள் ஜெர்மைன் டெஃபோவை இழுத்தார்கள். 2006-ல் டாட்டன்ஹாம் குழுவின் டெஃபோ, வெஸ்ட் ஹாமின் ஹாவியர் மஸ்செரானோவின் கையைக் கடித்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் அட்டை மட்டுமே. அதே கடி, அதே இங்கிலாந்து. ஒருவருக்கு ஓர் அட்டை, இன்னொருவருக்குப் பத்து ஆட்டமா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டெஃபோ சம்பவத்தில் நடுவர் அங்கேயே பார்த்து, அங்கேயே அட்டை காட்டிவிட்டார். நடுவர் தீர்த்துவைத்த ஒன்றை மறுபடி கிளறக்கூடாது என்பது அன்றைய விதி. ஆக, டெஃபோவைக் காப்பாற்றியது நடுவரின் கண். சுவாரெஸை மாட்டிவைத்தது அந்தக் கண் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இது நீதியா என்றால், விதியின் ஓட்டை என்பதே சரியான பதில். பிற்பாடு வந்த காணொளித் துணை நடுவர் முறை இத்தகைய ஓட்டைகளைப் பெருமளவு அடைத்தது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. சுவாரெஸுக்கு இது முதல் கடி அன்று. 2010 நவம்பரில் நெதர்லாந்தின் அயாக்ஸ் குழுவில் இருந்தபோது பிஎஸ்வி குழுவின் ஒட்மான் பக்காலின் தோளைக் கடித்து ஏழு லீக் ஆட்டத் தடை வாங்கியவர் அவர். அதே பருவத்தில், 2011 ஜனவரி 31-ல், லிவர்பூல் 22.8 மில்லியன் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. தெரிந்தே வாங்கிய சரக்கு. பின்னாளில் அவர் தடைபெற்ற ஒவ்வொரு முறையும், எங்கள் மீது சங்கத்துக்கு வன்மம் என்று கொதித்த ரசிகர்கள் இந்தத் தேதியை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

எவ்ரா விவகாரம்

கடித்ததைவிட ஆழமாகப் புண்பட்டது வேறொரு சம்பவத்தில். 2011 அக்டோபர் 15-ல் அன்ஃபீல்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நடந்த ஆட்டத்தில், தம் நிறத்தைச் சுட்டிச் சுவாரெஸ் இழித்துப் பேசினார் என்று பட்ரிஸ் எவ்ரா புகார் செய்தார். ஸ்பானிய மொழியில் கறுப்பைக் குறிக்கும் சொல்லை ஒருமுறை சொன்னதாகச் சுவாரெஸ் ஒப்புக்கொண்டார். ஆனால் உருகுவேயில் அது நண்பர்களுக்குள் சாதாரணமாகப் புழங்கும் சொல், இழிவு நோக்கம் இல்லை என்றார்.

இந்த வாதம் தமிழ் ரசிகர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. தமிழர் வீடுகளில் பிள்ளையைக் கொஞ்சும்போது "கறுப்பா", "கறுப்பாயி" என்று அழைப்பது உண்டு. அதே சொல்லைப் பள்ளித் திடலில் வேற்று இனப் பையன் ஒருவன், வேறு தொனியில், முகத்துக்கு நேரே சொன்னால் அது என்னவாகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சொல் ஒன்றுதான். யார், எங்கே, எந்தக் குரலில் சொன்னார் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. விசாரணைக்குழு ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. மொழி அறிஞர்களைக் கேட்டது. உருகுவேயில் அச்சொல் அன்பாகவும் வழங்கலாம், ஆனால் இருவரும் சண்டைக்கு நின்ற நேரத்தில் அன்புக்கு ஏது இடம் என்று முடிவு செய்தது. ஒருமுறை அல்ல, ஏழு முறை சொன்னார் என்றும் கண்டது.

தண்டனை 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். இழிசொல்லுக்கு வழக்கமான தடை இரண்டு ஆட்டம். நிறத்தையோ இனத்தையோ குறித்தால் அது இரட்டிப்பாகி நான்கு. திரும்பத் திரும்பச் சொன்னதற்காக மேலும் நான்கு. அடுத்த ஆண்டு ஜான் டெர்ரிக்கு நான்கு ஆட்டம் மட்டும் கிடைத்தபோது, அவர் இங்கிலாந்துக்காரர், இவர் வெளியூர்க்காரர், அதனால்தான் என்று லிவர்பூல் ரசிகர்கள் பொருமினார்கள். கணக்கைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. டெர்ரி ஒருமுறை சொன்னார் என்பதே அவர்மீதான தீர்ப்பு. நீதிமன்றத்தைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும் என்ற அளவுகோலை ரசிகர்கள் குறைகூறினார்கள். அது மட்டும் விவாதிக்கத்தக்கதுதான்.

தீர்ப்பு வந்த மறுநாள், 2011 டிசம்பர் 21, விகன் திடலில் லிவர்பூல் ஆட்டக்காரர்கள் சுவாரெஸ் படம் போட்ட டி-சட்டையுடன் பயிற்சிக்கு வந்தார்கள். நிர்வாகி கென்னி டால்கிலிஷும் அதை அணிந்திருந்தார். 115 பக்க அறிக்கை அப்போது வெளிவரவே இல்லை. அது வந்தது டிசம்பர் 31-ல். அதைப் படித்த பிறகு லிவர்பூல் மேல்முறையீடு செய்யவில்லை. குழுவில் ஒருவனுக்குத் துணை நிற்பது வேறு, காரணம் தெரியுமுன் சட்டை தைப்பது வேறு.

அவர் இல்லாமல் என்ன ஆனது?

ஒருவர் தடைபெற்றால் நிர்வாகி கைபிசைவது ஏன் என்று புதிய ரசிகர்களுக்குப் புரிவதில்லை. 2010-11 பருவத்திலிருந்து பிரிமியர் லீக் குழுக்கள் 21 வயதுக்கு மேற்பட்டவர்களில் 25 பேரை மட்டுமே பதிவு செய்யலாம்; அவர்களில் உள்நாட்டில் பயிற்சி பெறாதவர்கள் 17 பேருக்கு மேல் போகக்கூடாது. தடைபெற்றவரும் அந்த 25-ல் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டே இருப்பார். ஆள்மாற்றக் காலம் முடிந்துவிட்டால் அவருக்குப் பதிலாகப் புது ஆளை வாங்கவும் முடியாது. சம்பளமும் நிற்காது. ஆகவே, தடையின் வலி எவ்வளவு என்பதை அடுத்த வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

2012 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். எட்டு ஆட்டத் தடையும் ஏறக்குறைய அந்த மாதத்துக்குள் அடங்கிவிட்டது. நான்கு லீக் ஆட்டங்களில் மான்செஸ்டர் சிட்டியிடம் 0-3, போல்ட்டனிடம் 1-3 எனத் தோல்வி, ஸ்டோக்குடன் 0-0, வெற்றி உல்வ்ஸ் மீது மட்டும். 12-ல் 4 புள்ளி. முன்வரிசையை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் ஆண்டி கேரல். சுவாரெஸ் வந்த அதே நாளில் 35 மில்லியன் பவுண்டுக்கு வந்தவர். அந்தப் பருவம் முழுவதும் அவர் அடித்த லீக் கோல் நான்கு. ஜனவரியில் கடை திறந்திருந்தும் லிவர்பூல் புதிதாக ஒரு தாக்குதல் ஆட்டக்காரரை வாங்கவில்லை. பருவ முடிவில் எட்டாவது இடம். டால்கிலிஷ் வேலை இழந்தார். அதே மாதத்தில் சுவாரெஸ் இல்லாமலேயே சிட்டியை வென்று லீக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனதும், எஃப்ஏ கிண்ணத்தில் யுனைடெட்டை 2-1 எனத் தோற்கடித்ததும் உண்டு. அவர் இல்லாவிட்டால் குழு இல்லை என்பாரும் அவர் இல்லாமலும் முடியும் என்பாரும் ஒரே மாதத்திலிருந்து சான்று எடுத்துக்கொண்டார்கள்!

அடுத்த தடையின்போது நிலைமை வேறு. 2013 ஜனவரியில் நிர்வாகி பிரெண்டன் ரோஜர்ஸ் டேனியல் ஸ்டரிட்ஜையும் பிலிப் குட்டின்யோவையும் வாங்கியிருந்தார். சுவாரெஸ் போன வாரமே லிவர்பூல் நியூகாசலை அதன் திடலில் 6-0 என வென்றது. எஞ்சிய நான்கு ஆட்டங்களில் 10 புள்ளி. அடுத்த பருவத்தின் முதல் ஐந்து லீக் ஆட்டங்களில் மேலும் 10 புள்ளி. மூன்று வெற்றியும் 1-0, மூன்று கோலும் ஸ்டரிட்ஜ் போட்டவை. இரண்டு பேருக்கும் சேர்த்துச் செலவான தொகை கேரலின் விலையைவிடக் குறைவு.

திரும்பி வந்த சுவாரெஸ் 33 லீக் ஆட்டங்களில் 31 கோல் அடித்தார், ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. லிவர்பூல் 84 புள்ளி, சிட்டி 86. இரண்டே புள்ளியில் கிண்ணம் கைநழுவியது. ஆரம்ப ஐந்து ஆட்டத்தில் அவர் இருந்திருந்தால், என்று இன்றும் பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. ஆனால் 101 கோல் அடித்த அந்தக் குழு 50 கோல் வாங்கியும் இருந்தது. 2014 மே 5-ல் கிறிஸ்டல் பேலசிடம் 3-0 என முன்னணியில் இருந்து 3-3 ஆகக் கோட்டைவிட்டபோது சுவாரெஸ் திடலில்தான் இருந்தார். சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி வெளியேறினார். பின்வரிசைக்கு ஆள் எடுக்காததன் பழியை ஆட்டத் தடையின் தலையில் போடுவது எளிது.

விற்றிருக்கவேண்டும் என்ற தரப்புக்குப் பதிலாக ரசிகர்கள் எரிக் கன்டோனாவைச் சொல்வார்கள். 1995 ஜனவரியில் பார்வையாளர் ஒருவரை எட்டி உதைத்து, செப்டம்பர் முடியும்வரை தடைபெற்றவர் அவர். யுனைடெட் காத்திருந்தது. 1996-ல் லீக், எஃப்ஏ கிண்ணம் இரண்டும் கிடைத்தன. ஆனால் கன்டோனா மறுபடி யாரையும் உதைக்கவில்லை.

சுவாரெஸ் மறுபடி கடித்தார். 2014 ஜூன் 24, பிரேசில் உலகக் கிண்ணத்தில், இத்தாலியின் ஜார்ஜியோ கியெலினி. ஃபிஃபா இம்முறை 9 அனைத்துலக ஆட்டத் தடையோடு, நான்கு மாதம் எந்தக் காற்பந்து நடவடிக்கையிலும் ஈடுபடக்கூடாது என்றது. தவறு நடந்தது உருகுவே சட்டையில். நான்கு மாதச் சுமை விழுந்தது சம்பளம் கொடுக்கும் கிளப் மீது. ஜூலையில் அவரை வாங்கிய பார்சிலோனா, அக்டோபர் 25 வரை அவரை ஆட்டத்தில் இறக்க முடியாமல் காத்திருந்தது. பயிற்சி செய்யலாம் என்ற சலுகைகூட ஆகஸ்டில் விளையாட்டு நடுவர் மன்றம் போனபிறகே கிடைத்தது. கிளப்பின் மீது இப்படிச் சுமத்துவது சரியில்லை என்ற வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் பார்சிலோனா கண்ணைத் திறந்துகொண்டுதான் கையெழுத்திட்டது. மெஸ்ஸியும் நெய்மாரும் இருந்த குழுவுக்கு மூன்று மாதம் ஒரு பொருட்டல்ல. 2015-ல் அது மூன்று கிண்ணம் வென்றது.

லிவர்பூல் அவர் இடத்துக்கு மாரியோ பலோட்டெல்லியை வாங்கியது. ஸ்டரிட்ஜ் காயத்தால் பெரும்பகுதி ஆடவில்லை. பலோட்டெல்லி பருவம் முழுவதும் அடித்த லீக் கோல் ஒன்று. 101 கோல் 52 ஆகச் சுருங்கி, ஆறாவது இடம். இம்முறை எந்தச் சங்கத்தையும் எந்த நடுவரையும் திட்ட வழியில்லை.

விகன் திடலில் அந்தச் சட்டையை அணிந்தவர்களில் ஒருவர் ஜேமி கேரகர். 2019 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பக்கத்தில் அமர்ந்திருந்த எவ்ராவிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் லிவர்பூல் தலைமை நிர்வாகியிடமிருந்தும் எவ்ராவுக்கு மன்னிப்புக் கடிதம் வந்தது. எட்டு ஆட்டத் தடை ஒரு மாதத்தில் முடிந்திருந்தது. அந்தக் கடிதம் வர எட்டு ஆண்டு ஆயிற்று.