பைக் செயின் சத்தம்: டைட் பண்ணினால் மட்டும் போதுமா? அறுந்து விழும் முன் செயின் காட்டும் அறிகுறிகள் என்னென்ன?

பைக் ஓட்டும்போது பின்பக்கமிருந்து ‘கட கட’ என்று சத்தம் வருகிறதா? வண்டியை மெக்கானிக்கிடம் விட்டதும் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: “செயின் லூஸா இருக்கு, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க.” ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சத்தமும் நின்றுவிடும். ஆனால் சில வாரங்களில் அதே சத்தம் திரும்ப வரும்.

காரணம் எளிது. டைட் செய்வது என்பது பின் சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைப்பது மட்டுமே. தேய்ந்த செயின் அதனால் சரியாவதில்லை. தேய்ந்த செயினைத் திரும்பத் திரும்ப இழுத்துக் கட்டினால், ஒருநாள் ஓடும் வண்டியில் பல் தாவும், கழன்று விழும் அல்லது அறுந்து போகும். அப்படி விழும் செயின் பின் சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். முன் ஸ்பிராக்கெட் பக்கம் சுருண்டால் இன்ஜின் உறையையே உடைத்துவிடும்.

செயின் பெரும்பாலும் சொல்லாமல் அறுவதில்லை. அது காட்டும் அறிகுறிகள் என்ன, வீட்டிலேயே எதைச் செய்யலாம், எப்போது மாற்றியே ஆக வேண்டும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

செயின் ‘நீளுமா’?

“செயின் நீண்டு போச்சு” என்று சொல்வோம். உண்மையில் இரும்புத் தகடுகள் ரப்பர் போல இழுபடுவதில்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் உருளும் ரோலர் இருக்கும். எண்ணெய் இல்லாமல், தூசியும் மணலும் உள்ளே போனால் பின்னும் புஷ்ஷும் உரசித் தேயும். ஒரு கண்ணியில் முடி அளவு தேய்மானம் என்றாலும், நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் அது சேரும்போது செயின் நீளமாகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணிகளுக்கு இடையிலான தூரம் கூடும்போது, அது ஸ்பிராக்கெட்டின் பற்களோடு சரியாகப் பொருந்தாது. செயின் பல்லின் மேல் ஏறி உட்காரும், பல்லும் சேர்ந்து தேயும். டைட் செய்வதால் இந்தப் பொருத்தம் திரும்ப வராது.

சத்தம் செயினா, இன்ஜினா? கண்டுபிடிப்பது எப்படி?

பைக்கில் வரும் எல்லாச் சத்தமும் செயின் சத்தம் இல்லை. இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயின் வேறு, வெளியே சக்கரத்தைச் சுழற்றும் செயின் வேறு. இரண்டையும் குழப்பிக் கொண்டு தேவையில்லாமல் செலவு செய்பவர்கள் உண்டு. இரண்டு சின்னச் சோதனைகள் போதும்.

1. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகுங்கள். அப்போதும் சத்தம் வந்து, திருகத் திருகக் கூடினால் பிரச்னை இன்ஜின் பக்கம் இருக்கலாம்.

2. ஆளில்லாத சமமான சாலையில் மெதுவாக ஓட்டி, ஆக்சிலரேட்டரை விட்டு கிளட்ச்சைப் பிடியுங்கள். வண்டி தானாக உருளும்போதும் சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் தொடர்ந்தால் செயின், வீல் பேரிங், பிரேக் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் மாறினால் முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

* ‘கீச் கீச்’ அல்லது வறண்ட உரசல் சத்தம்: செயினில் எண்ணெய் இல்லை. மழையில் ஓட்டிய மறுநாள் இது அதிகம் கேட்கும்.

* பள்ளத்தில் இறங்கும்போது ‘சடார்’ என்று அடிப்பது: செயின் லூஸாக இருக்கிறது. செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ மோதுகிறது.

* ஒரே சீராக ‘உய்ங்’ என்ற முனகல்: செயின் அளவுக்கு மீறி டைட்டாக இருக்கலாம்.

* சக்கரம் சுற்றும்போது சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப ‘டக்’: ஏதோ ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்காமல் இருக்கலாம், அல்லது ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் சேதமாகி இருக்கலாம்.

* ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் ‘டங்’ என்று ஒரு உதறல்: செயின் லூஸாக இருக்கலாம். செயின் சரியாக இருந்தும் உதறினால், பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பர் தேய்ந்திருக்கலாம். சின்னப் பொருள்தான், ஆனால் அது தேய்ந்தால் ஒவ்வொரு உதறலும் நேராகச் செயினில் விழும்.

* இன்ஜின் சத்தம் கூடுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை: ‘கடக்’ என்று தாவும் சத்தமும் சேர்ந்து வந்தால் செயின் பல் தாவுகிறது. தாவும் சத்தம் இல்லை என்றால் கிளட்ச் பிளேட்டைச் சோதிக்க வேண்டும். பல் தாவும் வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

எவ்வளவு லூஸ் இருக்க வேண்டும்?

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வையுங்கள். இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில், செயினின் கீழ்ப் பகுதியை ஒரு குச்சியாலோ ஸ்க்ரூடிரைவராலோ மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையிலான தூரம்தான் செயினின் தளர்வு. அன்றாடம் ஓட்டும் 100 முதல் 150 சிசி பைக்குகளில் இது பொதுவாக 20 முதல் 30 மி.மீ வரை இருக்கும். சில மாடல்களில் இதைவிட அதிகம் தேவைப்படும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராகவே ஒட்டியிருப்பார்கள். சைடு ஸ்டாண்டில் அளக்கச் சொல்லும் மாடல்களும் உண்டு என்பதால் அதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

முழு கவர் போட்ட பைக்குகளில் கவரின் அடிப்பக்கம் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் செயினைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஒரே இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் லூஸ், ஓரிடத்தில் டைட் என்று மாறி மாறி இருந்தால் செயின் சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட செயினை எவ்வளவு டைட் செய்தாலும் சரி வராது.

“நல்லா டைட்டா இருந்தா நல்லதுதானே?”

இல்லை. லூஸ் செயினைப் போலவே டைட் செயினும் கெடுதல்தான். பின்னால் ஆள் உட்காரும்போதும், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதும் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் அசையும். அப்போது முன் ஸ்பிராக்கெட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் சற்றுக் கூடும். அந்த நேரத்தில் நீள்வதற்குச் செயினில் இடம் இருக்க வேண்டும். இல்லை என்றால் அந்த இழுவிசை முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கிலும் வீல் பேரிங்கிலும் விழும். செயினோடு முடிய வேண்டிய செலவு இன்ஜினைப் பிரிக்கும் வரை போகலாம்.

சுத்தம் செய்யும்போது விரல் பத்திரம்!

எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை இதுதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரம் சுற்றச் சுற்றத் துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகச் செய்கிறார்கள். ஆனால் துணியின் ஒரு நுனி செயினில் மாட்டினால் கையை ஸ்பிராக்கெட்டுக்குள் இழுத்துவிடும். கையை எடுக்க நேரமே இருக்காது. விரல் துண்டாகும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். சாவி கையில் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். சுற்றும்போது துணி செயினில் இருக்கக் கூடாது. பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யும் முறை

1. செயின் கிளீனர் ஸ்பிரே அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். அது இல்லை என்றால் மண்ணெண்ணெய் பயன்படுத்தலாம். டயரிலும் பிரேக்கிலும் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

2. பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபக்கம். ஓ-ரிங் செயினில் உள்ள ரப்பர் வளையங்களையும் அது கெடுத்துவிடும். அந்த வளையங்கள்தான் தொழிற்சாலையில் உள்ளே வைத்த கிரீஸை வெளியேறாமல் காக்கின்றன. கம்பி பிரஷ்ஷும் அதே காரணத்தால் கூடாது.

3. நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள்.

4. செயின் லூப் அல்லது 90 கிரேடு கியர் ஆயிலை, செயினின் உள்பக்கத்தில், அதாவது பல்லில் உட்காரும் பக்கத்தில் விடுங்கள். சக்கரம் சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். ஓ-ரிங் செயின் என்றால் ஸ்பிரே டப்பாவில் ‘ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

5. 15 நிமிடம் விட்டு, மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அதிக எண்ணெய் தூசியைத்தான் பிடித்து வைக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விடுவது நல்ல பழக்கம். கவர் இல்லாத திறந்த செயினுக்கு இது இன்னும் அவசியம். மழையில் ஓட்டினாலோ, வாட்டர் வாஷ் செய்தாலோ, கடற்கரை மணலில் போய் வந்தாலோ அன்றைக்கே செய்துவிடுங்கள்.

பழைய இன்ஜின் ஆயில் விடலாமா? “வீணாப் போறதுதானே” என்று ஆயில் மாற்றும்போது எடுத்த கறுப்பு ஆயிலைச் செயினில் விடுகிறார்கள். அதில் இன்ஜினில் தேய்ந்த உலோகத் துகள்களும் கரியும் இருக்கும். அது தேய்மானத்தைத்தான் கூட்டும். டயரில் தெறித்தால் வண்டி வழுக்கவும் செய்யும்.

டைட் செய்தபின் கவனிக்க வேண்டிய 3 விஷயங்கள்

* சக்கரம் நேராக இருக்கிறதா? ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருபக்கம் கூடி ஒருபக்கம் குறைந்தால் சக்கரம் கோணலாகி, செயின் பல்லின் ஓரத்தில் உரசும்.

* பின் பிரேக்: டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடும் இழுபடும். பிரேக் பிடித்தபடியே ஓடாமல் இருக்க, பெடல் தளர்வைத் திரும்பச் சரி செய்ய வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்.

* செயின் லாக்: லாக் போட்ட செயின் என்றால், அந்தக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டி கிளிப் கழன்றுவிடும். ஆக்சில் நட் முழுதாக இறுகியிருக்கிறதா, அதில் பின் இருக்க வேண்டிய வண்டி என்றால் அது போட்டிருக்கிறார்களா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

* பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்துவிட்டது.

* ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கி போல வளைந்தோ, ஊசி போல மெலிந்தோ இருந்தால்.

* சில மாடல்களில் அட்ஜஸ்டர் அருகே சிவப்புக் குறி இருக்கும். அந்த எல்லை வந்துவிட்டால்.

* அளந்தே பார்க்கலாம். சிறிய பைக்குகளில் பரவலாக இருக்கும் 428 வகைச் செயினில் ஒரு கண்ணியின் அளவு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 20 கண்ணிகள் புதிதில் 254 மி.மீ இருக்கும். கையேட்டில் தேய்மான எல்லை கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. எப்படியிருந்தாலும் 259 மி.மீ, அதாவது 2 சதவீதம் கூடிவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

செயினை மட்டும் மாற்றினால் என்ன? காசு மிச்சம் என்று தோன்றும். ஆனால் தேய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது. புதுச் செயினும் சீக்கிரமே தேய்ந்துவிடும். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றுவதே கணக்குப் பார்த்தால் லாபம். தேய்ந்த செயினில் இரண்டு கண்ணியை வெட்டி எடுத்து நீளத்தைக் குறைப்பதும் தீர்வல்ல. மீதியுள்ள கண்ணிகள் எல்லாம் தேய்ந்தவைதான்.

செயின் கவரைக் கழற்றலாமா?

‘லுக்’குக்காகச் செயின் கவரையும் சேலை கார்டையும் கழற்றிவிடுகிறார்கள். பின்னால் உட்காருபவரின் சேலையோ துப்பட்டாவோ செயினில் சிக்குவதைத் தடுப்பவை இவைதான். பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-வது விதியே சொல்கிறது.

ஓடும்போது செயின் கழன்றுவிட்டால்?

பதற வேண்டாம். உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். திரும்பத் திருகக் கூடாது. ஹேண்டிலை நேராகப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து இடது ஓரம் ஒதுங்குங்கள். இன்ஜினை அணைத்து, செயின் ஆறிய பிறகே தொட வேண்டும். கழன்ற செயினை மாட்டிவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம். அது ஏன் கழன்றது என்பது தெரியாதவரை மறுபடியும் கழலும்.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது “டைட் பண்ணி விடுங்க” என்பதோடு நிறுத்தாமல், “பல்லு எப்படி இருக்கு, செயின் எவ்வளவு தேஞ்சிருக்கு, அதையும் பாருங்க” என்று கேளுங்கள்.