நிரல் எழுதியவரின் பெயரை யார் முடிவு செய்வது?

பேர்லினின் நொய்கெல்ன் 1912 ஜனவரி வரை ரிக்ஸ்டோர்ஃப் என்ற பெயரில்தான் இருந்தது. மதுக்கடை, கேளிக்கை, அடிதடி என்று அந்தப் பெயர் தலைநகரம் முழுக்கக் கெட்டுப்போயிருந்ததால் நகராட்சியே முயன்று மாற்றிக்கொண்டது. அதற்காகப் பழைய பத்திரங்களை யாரும் கிழித்து எழுதவில்லை. 1899-இல் நகர உரிமை பெற்றது ரிக்ஸ்டோர்ஃப்தான். இரண்டும் ஒரே ஊர் என்று தேடுபவருக்குச் சொல்ல ஒரு குறிப்பு போதும். திறமூல மென்பொருள் திட்டங்களில் பங்களிப்பாளர் பெயர்களைச் சீராக வைத்திருப்பதற்கும் இதுவே சரியான வழி. பதிவு அப்படியே இருக்கட்டும். அதன்மேல் ஒரு பெயர்க்குறிப்பு இருக்கட்டும். அதில் என்ன எழுதுவது என்பதைப் பெயருக்கு உரியவரே சொல்லட்டும்.

தமிழர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. நொய்கெல்ன் வட்டாரத்தைச் சேர்ந்த பிரிட்ஸ் பகுதியில், பிளாஷ்கோ அல்லே சாலையில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே கும்பிட வரும் ஈழத்துக் குடும்பம் ஒன்றில் நிரல் எழுதும் பெண் ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் நிலா, அப்பா குமாரசாமி. யாழ்ப்பாணத்துப் பள்ளிச் சான்றிதழில் கு. நிலா. ஜெர்மன் படிவத்திலோ முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். அப்பாவின் பெயர் இரண்டாவது கட்டத்தில் ஏறிவிட, அலுவலகக் கடிதம் அவளைத் ‘திருமதி குமாரசாமி’ என்று விளிக்கும். அலுவலகக் கணினியில் நிலா குமாரசாமி, வீட்டு மடிக்கணினியில் கு. நிலா, கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் குடும்பப் பெயர், அத்தனைக்கும் வெவ்வேறு மின்னஞ்சல் என்றால், திட்டத்தின் பதிவேட்டில் அவள் மூன்று பேர். பத்து வருட உழைப்பு மூன்று சில்லறைப் பங்களிப்புகளாகத் தெரியும். இழப்பு அவளுக்குத்தான்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்ற கருவி, கணினியில் அமைத்திருக்கும் பெயரையும் மின்னஞ்சலையும் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது ஒவ்வொரு மாற்றத்தின் பதிவிலும், அப்படியே பொறித்துவிடுகிறது. கமிட்டின் அடையாளக் குறியான ஹாஷ் அந்தப் பெயரையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. அடுத்த கமிட் முந்தையதன் ஹாஷைத் தனக்குள் வைத்திருக்கிறது. பழைய பெயரில் ஓரெழுத்தைத் திருத்தினாலும் அதற்குப் பின்வந்த எல்லா ஹாஷும் மாறிவிடும். ஊரெல்லாம் எடுத்து வைத்திருக்கும் நகல்கள் ஒத்துப்போகாது, வெளியீடுகளில் இட்ட டிஜிட்டல் கையொப்பங்கள் புதிய வரலாற்றுக்குப் பொருந்தாது. இந்தச் சேதம் இல்லாமல் காரியத்தை முடிப்பதுதான் மெயில்மேப் என்ற சிறு கோப்பு. ஒரு வரியில் முதலில் உரியவர் விரும்பும் பெயர், அடுத்து கோண அடைப்புக்குள் இப்போதைய மின்னஞ்சல், கடைசியில் பழைய மின்னஞ்சல். பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிட்டால், பங்களிப்புகளை எண்ணித் தரும் ஷார்ட்லாக் கட்டளை மூன்று பேரையும் ஒருவராகக் காட்டும். 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து கமிட்டுகளை வரிசையாகக் காட்டும் லாக் கட்டளையும் தானாகவே இந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்கிறது.

இது வரலாற்றைத் திரிப்பது என்பார்கள் சிலர். கமிட்டில் ஒரு பைட்கூட மாறாதபோது அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. சட்டம் பற்றிய கேள்வி அதைவிடக் கனமானது: வழக்கு என்று வந்தால் கடவுச்சீட்டில் உள்ள பெயர்தானே வேண்டும்? ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, படைப்பில் பெயர் இடம்பெற வேண்டுமா, எந்தப் பெயர் என்பதைப் படைப்பாளியே முடிவுசெய்யலாம் என்கிறது. லினக்ஸ் கெர்னலும் உண்மைப் பெயர் கேட்ட தன் விதியை 2023-இல் தளர்த்தி, அறியப்பட்ட அடையாளம் இருந்தால் போதும் என்றாக்கியது. வி.எம்.வேர் நிறுவனத்தின்மீது கெர்னல் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் தொடுத்த பதிப்புரிமை வழக்கைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டலாம். ஹாம்பர்க் நீதிமன்றம் 2016-இல் அதைத் தள்ளியது, மேல்முறையீடும் 2019-இல் தோற்றது. கிட் பதிவைச் சுட்டினால் மட்டும் போதாது, தன் வரிகள் எவை, அவை எதிராளியின் மென்பொருளில் எங்கே இருக்கின்றன என்று வாதி தனித்தனியே காட்ட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை. அப்படிக் காட்டப் புறப்படுகிறவர் எடுக்கும் முதல் அடி தன் பெயரில் உள்ள கமிட்டுகளைத் திரட்டுவது. பெயர் மூன்றாகச் சிதறியிருந்தால் அந்த முதல் அடியே தடுமாறும்.

என்னைத் தயங்கவைக்கும் ஆட்சேபம் வேறு. மெயில்மேப் எல்லோரும் படிக்கும் கோப்பு. பழைய பெயரையும் புதுப்பெயரையும் ஒரே வரியில் வைத்தால், மறைக்க விரும்பியதையே அது ஊரறியச் செய்யும். பாலின அடையாளம் மாறி வேறு பெயர் ஏற்றவர்களுக்கு இது வெறும் சங்கடம் அல்ல, ஆபத்து. 2024 நவம்பர் 1 முதல் ஜெர்மனியில் நடைமுறையில் உள்ள சுயநிர்ணயச் சட்டம், அவர்களின் பழைய பெயரை அவர்கள் சம்மதமின்றி வெளியிடுவதற்குத் தடை விதிக்கிறது. பாதித் தீர்வு கோப்பிலேயே உண்டு: பழைய மின்னஞ்சலை மட்டும் எழுதினால் போதும், பழைய பெயர் தேவையில்லை. அந்த மின்னஞ்சலே பழைய பெயரைச் சொல்லுமானால் மெயில்மேப் உதவாது. கமிட்டுக்குள் தேடுகிறவரிடமிருந்தும் அது எதையும் மறைக்காது. ஆகவே வரியைச் சேர்ப்பதற்கு முன் உரியவரைக் கேட்டே ஆக வேண்டும். பெயர் ஒத்திருப்பதைப் பார்த்து ஆட்களைத் தானாக இணைக்கும் கருவிகளை நான் நம்புவதில்லை. ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட தமிழர்கள் எத்தனையோ பேர். இருவரின் உழைப்பை ஒருவர் கணக்கில் எழுதுவது, ஒருவரை மூவராக்குவதைவிடப் பெரிய பிழை.

மெயில்மேப் எட்டாத இடங்களும் உண்டு. நொய்கெல்னுக்கு அடுத்த குரொய்ஸ்பெர்க்கில் அலுவலகம் வைத்திருக்கும் கே.டி.இ. என்ற திறமூல அமைப்பின் மென்பொருள்கள் போன்றவற்றில், மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பிலேயே மொழிபெயர்த்தவர்களின் பெயர், மின்னஞ்சல், வருடம் வரிசையாக இருக்கும். அது இன்று புழங்கும் கோப்பு என்பதால் சாதாரணத் திருத்தமாகவே மாற்றிவிடலாம். அதைக் கையால்தான் செய்ய வேண்டும், கோப்புக்குக் கோப்பு; அதே தலைப்பில் உள்ள பதிப்புரிமை வரியை மட்டும், உரியவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வரும்வரை தொடாமல் விட வேண்டும்.