சரக்குக்கு விலை, பாக்கிக்குக் கெடு: சிறு உணவுத் தொழில் செய்வோர் அறிய வேண்டியவை

சிறு உணவுத் தொழிலுக்கான தொழில்முனைவுப் பயிற்சி வேறு, செய்முறைப் பயிற்சி வேறு. முறுக்கு பிழியவும் ஊறுகாய் போடவும் வத்தல் காயவைக்கவும் பலருக்கு வீட்டிலேயே கைப்பழக்கம் உண்டு. அடக்கவிலை போடுவது, லேபிளை ஒழுங்காக எழுதுவது, கடைக்காரரிடம் பாக்கியை வசூலிப்பது, வங்கியில் கேட்க வேண்டியதைக் கேட்பது ஆகியவைதான் தனியே கற்க வேண்டியவை. நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள்கூடத் தொழிலை மூடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

முதலாவது அடக்கவிலை. ஒரு கிலோ கேழ்வரகு முறுக்கை எடுத்துக்கொள்ளலாம். மாவும் எண்ணெயும் 140 ரூபாய், எரிவாயு 20, கவரும் லேபிளும் 16, கொண்டுபோய்ச் சேர்க்க 10 என்று வைத்தால் 186 ஆகிறது. வீட்டுப் பெண்கள் இருவர் நாளெல்லாம் அடுப்படியில் நின்று பத்துக் கிலோ போட்டால், ஆளுக்கு 400 ரூபாய் கூலி என்ற கணக்கில் கிலோவுக்கு 80 ரூபாய் சேர வேண்டும். இந்தக் கூலியைத்தான் பலர் எழுதுவதே இல்லை. எழுதினால் அடக்கம் 266. அதன்மேல் 20 சதவீதம் வைத்து 319 ரூபாய் என்று விலை போட்டு, கடைக்கு 20 சதவீதக் கமிஷன் கொடுத்தால் கைக்கு வருவது 255தான். கிலோவுக்கு 11 ரூபாய் நட்டம். கமிஷன் கழிவது அடக்கவிலையில் அல்ல, விற்பனை விலையில். கைக்காசு போகாமலிருக்கவே 333 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். உடைந்து திரும்பி வரும் பாக்கெட்டுகள் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. இந்த ஒரு கணக்கைப் போடச் சொல்லிக்கொடுக்காத பயிற்சியால், சான்றிதழுக்கு மேல் பயன் எதுவும் இல்லை.

இதைக் கற்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தொடங்கிய முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் உணவும் தங்குமிடமும் தந்து இலவசமாகப் பயிற்றுவிக்கின்றன. வேளாண் அறிவியல் நிலையங்கள் மதிப்புக்கூட்டல் பயிற்சி தருகின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் அமைந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் உணவு பதப்படுத்தலில் பயிற்சி உண்டு. கடன், மானியம் பற்றிய விவரங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டு, 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வீட்டில் செய்து விற்பதானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். அப்போது கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். அதோடு சேர்மானங்கள், நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, தயாரித்த நாள், எதுவரை உண்ணலாம் என்பது, தயாரிப்பாளர் முகவரி, சைவப் பொருளானால் பச்சைக் குறி ஆகியவையும் வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அபராதத்துக்கு வழி உண்டு.

அதிகாரி சோதனைக்கு வந்தால் பதறிப்போய் நீட்டிய தாளில் கையெழுத்திடுவோர் அதிகம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் விற்பவருக்கும் உரிமை தருகிறது. எடுக்கும் மாதிரிக்கு அதிகாரி வழக்கமான விலையைக் கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். அதில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி தொழில் நடத்துபவர் கேட்கலாம். ஆய்வறிக்கை பாதகமாக வந்தால் அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குறைகளைத் திருத்தச் சொல்லும் நோட்டீஸில் குறைந்தது 14 நாள் அவகாசம் இருக்க வேண்டும்.

சிறு தொழிலை நசுக்கும் பெரிய ஆபத்து, கடைகளில் தேங்கும் பாக்கி. ‘வித்ததும் தரேன்’ என்ற வாய்ச்சொல்லை நம்பி மூன்று மாதச் சரக்கை இறக்கியவருக்கு அடுத்த மூட்டை மாவு வாங்கக் காசிருக்காது. இதற்குச் சட்டம் தெளிவான கெடு வைத்திருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். தொகை வராவிட்டால் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். இதற்கான அரசு இணையதளம் வழியாகவும் மனு கொடுக்கலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். இந்தப் பாதுகாப்பு பொருளைத் தயாரிப்பவருக்கு உண்டு. பிறர் சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைச் சரக்கு அனுப்பும் முன்பே செய்துவிட வேண்டும். தகராறு வந்தபின் பதிந்து பழைய பாக்கிக்குக் கேட்டால் எடுபடுவது கடினம். அரசு இணையதளத்தில் இந்தப் பதிவு இலவசம். அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் கட்டணம் கேட்கும் என்பதால், முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. கடைக்காரர் கையெழுத்திட்ட டெலிவரி சீட்டும் பில்லும் இல்லாவிட்டால் மன்றத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. ஐந்து பாக்கெட் கொடுத்தாலும் சீட்டு போடும் பழக்கம் அதனால்தான் அவசியம்.

பயிற்சியின் பெயராலேயே நடக்கும் மோசடியும் உண்டு. கட்டணம் கட்டிப் பயிற்சி பெற்று, இயந்திரமோ குஞ்சோ விதையோ தங்களிடமே வாங்கினால் விளைவதையெல்லாம் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்வார்கள். பெருந்துறை வட்டாரத்தில் 2012-இல் சரிந்த ஈமு கோழித் திட்டங்களில் முதலீடு செய்தவர்கள் பட்ட பாடு தமிழகம் கண்டது. சந்தையில் வேறு யாரும் வாங்காத பொருளுக்கு ஒருவர் மட்டும் உயர்ந்த விலை உறுதி சொன்னால் அதுவே எச்சரிக்கை. லாபம் தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை வாங்கி ஏமாற்றினால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் செய்யலாம். சொன்ன பயிற்சியைத் தராமல் கட்டணத்தை வைத்துக்கொண்டால், அது சேவைக் குறைபாடு. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய பதிவு ஆகியவை சான்றாகும்.